தேவநேசன் வரைந்த நாற்காலி

தேவநேசனைப் பத்தி எழுதறதுக்குன்னு இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. சந்தோசமுங்க அம்மிணி. உக்காருங்க, ஃபேனைப் போடச் சொல்றேன். ஆனா ஒண்ணு. இங்க வர்றதுக்கு முன்னாடி ஒண்டிப்புதூர்ல நாலு பேரைப் பார்த்துட்டுத்தான் வந்திருப்பீங்க. இந்த முத்துரத்தினந்தான் அந்த மனுசனைக் கெடுத்தான்னு சொல்லியிருப்பாங்க. சொன்னாங்களா இல்லையா? நீங்க தலையைக் குனியறதுலயே தெரியுது. பரவால்லைங்க. அது ஒரு பக்கம் இருக்கட்டும். எங்கிட்டயும் கேட்டுக்கங்க. அவருக்குச் சோறு போட்ட வீடு இது.

அறுபத்திமூணோ நாலோ இருக்கும். எங்கய்யன் அப்ப ட்ரங்குப் பொட்டியும் பீரோவும் பண்ணிட்டு இருந்தாரு. பீளமேட்டுல ஒரு தகரக் கொட்டாய், உள்ள தகடு அடிக்கற பழைய பிரஸ்ஸு. நான் காலேஜ் முடிச்ச புதுசு. பம்பாய்ல இருந்த எங்க மாமன் சொன்னாரு, நாசரேத்துக்காரர் ஒருத்தரு ஜெர்மனியில போயி சாமான்களுக்கு வடிவம் போடறதுக்குன்னே படிச்சுட்டு வந்து வேலை இல்லாம இருக்காருன்னு. எங்கய்யன் சிரிச்சாரு. "பீரோவுக்கு என்னடா வடிவம்? நாலு மூலை, ஒரு கதவு. இதுக்கு ஒரு படிப்பா?"ன்னாரு. நாந்தான் அடம் புடிச்சு வரவெச்சேன். ஸ்டேசனுக்குக் காரை எடுத்துட்டுப் போனதும் நாந்தான். இதை எழுதிக்குங்க. நான் இல்லைன்னா தேவநேசன் பம்பாய்ல ஏதோ ஒரு ஆபீஸ்ல கணக்கெழுதிட்டு இருந்திருப்பாரு.

ஒல்லியான ஆளு. பேசும்போது நம்ம முகத்தைப் பார்க்க மாட்டாரு, முட்டியைப் பார்ப்பாரு. ஒரு மனுசன் எப்படி உக்காருறான், எப்படி எந்திரிக்கறான், அதுதான் அவருக்கு. வந்து முதல் மாசம் ஒரு கோடு வரையலைங்க. காலைல கிளம்பிப் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருவாரு. அங்க வார்டுல சும்மா உக்காந்து கட்டிலைப் பார்த்துட்டு வருவாரு. எங்கய்யன் எங்கிட்டத்தான் எரிஞ்சு விழுவாரு. "என்னடா, உன்ற ஜெர்மன்காரன் நோயாளியைப் பார்க்கப் போறானா, நர்ஸைப் பார்க்கப் போறானா?"

அப்பறம் ஒரு கட்டில் வரைஞ்சு குடுத்தாரு. வழக்கத்தை விட உசரம் ஜாஸ்தி. அடியில குறுக்குக் கம்பி ஒண்ணும் கிடையாது. ஏன்னு கேட்டேன். "நோயாளிக்குத் துணைக்கு வர்றவங்க எல்லாரும் கட்டிலுக்கு அடியிலதான் படுக்காங்க. எந்திரிக்கும்போது கம்பில மண்டை இடிக்குது, பாத்துக்கிடுங்க"ன்னாரு. நான் சொன்னேன், கட்டில் மேல படுக்கறவனுக்குத்தானுங்க, கீழ படுக்கறவனுக்கா? அதுக்கு அவர் சொன்னாரு: "கீழ படுக்கிறவங்க இல்லைன்னா மேல படுத்திருக்கவங்க பிழைக்க மாட்டாங்க."

எனக்கு அது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாத்தான் பட்டுச்சு. ஆனா கட்டில் போச்சுங்க. சேலம், மதுரை, மலையாளத்துப் பக்கம் எல்லாம் போச்சு. எங்கய்யனும் வாயை மூடிக்கிட்டாரு.

நிலா சேர்ங்கற மடக்குச் சேரு அதுக்கப்பறம் வந்தது. உங்க காலேஜ்ல அதைத்தான் பாடமா வெக்கறீங்களாமே. அது எப்படி வந்ததுன்னு சொல்றேன். எங்கம்மாவுக்கு முட்டி வலி. ஒரு கல்யாணத்துல, மண்டபத்துல இருந்த மரச்சேர்ல உக்காந்துட்டு எந்திரிக்க முடியாம ரெண்டு பேர் தூக்கி விட்டாங்க. தேவநேசன் எதிர்ல நின்னு பார்த்துட்டே இருந்தாரு. எனக்கு மானம் போச்சு. மறுநாள் வீட்டுக்கு வந்தாரு. "அம்மா, ஒருக்கா உக்காந்து எந்திரிங்க, இன்னொருக்கா"ன்னு எங்கம்மாவைப் பாடா படுத்துனாரு. எங்கம்மா கோவிச்சுக்கலை. அவருக்கு ஆப்பம் சுட்டுக் குடுத்துட்டு, அப்பறம் மறுபடியும் உக்காந்து காமிச்சாங்க.

அந்தச் சேர்ல உக்கார்ற இடம் வழக்கத்தை விட ரெண்டு விரக்கடை உசரம். முன்பக்க விளிம்பு கீழ வளைஞ்சிருக்கும், தொடையை அறுக்காது. மடக்கினா முறம் மாதிரி தட்டையா ஆயிரும். ஒரு பொம்பளை ஒரு கைக்கு ரெண்டு தூக்கலாம். அடியில ஒரு சின்ன கொக்கித் தகடு இருந்துச்சு. சேர் விரிஞ்சு நிக்கும்போது அந்தக் கொக்கி போயி மாட்டிக்கும். அதை விரலால தள்ளி விட்டாத்தான் சேர் மடங்கும். தானா மடங்காது. இதை மட்டும் நல்லாப் புரிஞ்சுக்குங்க, பின்னாடி பேச்செல்லாம் இதை வெச்சுத்தான்.

பொள்ளாச்சியில இருந்து ஈரோடு வரைக்கும் எங்க சேர் இல்லாத மண்டபம் கிடையாதுங்க. டில்லியில பரிசு குடுத்தாங்க. நாந்தான் போயி வாங்கிட்டு வந்தேன். அவருக்குக் கூட்டம் புடிக்காது. அவர்கிட்டக் கேட்டீங்களான்னா? கேக்கல. பழகுன மனுசனுக்கு எது புடிக்கும், எது புடிக்காதுன்னு கேட்டுத்தானா தெரிஞ்சுக்கணும்? அந்தப் பட்டயம் பாருங்க, அந்தச் செவுத்துல இருக்கு. கம்பெனி பேருதான் இருக்கும். அப்பவெல்லாம் அப்படித்தாங்க. யாரு வரைஞ்சான்னு எவன் கேட்டான்?

இப்ப அந்த டை விசயம். டைன்னா தகடு அடிக்கற இரும்பு அச்சுங்க. அவரோட அய்யன் தவறிட்டாருன்னு நாசரேத்துக்குப் போயிருந்தாரு. நல்ல ஐப்பசி மழை. ஒரு பெரிய மாநாட்டுக்குச் சேர் கேட்டிருந்தாங்க, மைதானம் நிறைய. லாரியெல்லாம் வாசல்ல வந்து நிக்குது. அப்பப் பார்த்து அந்தக் கொக்கித் தகடு அடிக்கற டை உடைஞ்சு போச்சு. புதுசு செய்யறதுக்கு நாளாகும். என்ன பண்றது? தகடு இல்லாமயே அனுப்பச் சொன்னேன். மாநாட்டுல உக்காந்து பேச்சுக் கேக்கறவனுக்குக் கொக்கி எதுக்கு? அவர் ஊர்ல இல்லாத நேரம் பார்த்து செஞ்சேன்னு ஒண்டிப்புதூர்ல சொல்லியிருப்பாங்க. நேரமெல்லாம் பார்க்கலைங்க. டை உடைஞ்ச நேரம் அவர் ஊர்ல இல்லை, அவ்வளவுதான்.

மொட்டை போடாத துக்கம் அவங்களுக்கு. வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க. திரும்பி வந்தவரு நேரா ஸ்டோருக்குப் போயி, மீதி இருந்த ஒரு சேருக்கு அடியில கையை விட்டுத் தடவிப் பார்த்தாரு. அப்பறம் எங்கிட்ட வந்தாரு.

"மத்ததெல்லாம் எங்க?"

"போயிருச்சுங்க."

"திருப்பிக் கொண்டாந்திரலாமா?"

"மாநாடு முடியட்டும், பார்ப்போம்"னேன்.

மாநாடு முடிஞ்சதும் சேரெல்லாம் வாடகைக் கடைக்கும் மண்டபத்துக்கும் கைமாறிப் போயிருச்சு. அதை எங்க போயித் தேடறது? அதுவும் போக, தகடு இல்லாத சேரைத்தான் மண்டபத்து ஆளுங்க விரும்பினாங்க. ஒரே தட்டு, மடங்கிரும். பந்தி முடிஞ்சா மளமளன்னு அடுக்கலாம். சரி, நல்லதுதான்னு நாங்களும் டையைப் புதுசாச் செய்யலை. அவர் தினமும் வந்து கேப்பாரு. "டை என்னாச்சு?" நான், "ஆகுது"ம்பேன். அப்படியே மாசம் மாசமா ஓடுச்சு. ஒரு மனுசன் ஒரே கேள்வியை எத்தனை வாட்டி கேப்பாரு சொல்லுங்க. எனக்கும் சலிப்பு வராதா?

அவினாசிப் பக்கம் ஒரு கல்யாணம். சமையல்காரரு ராக்கியப்பன்னு ஒருத்தரு. அவரோட மக மயிலாத்தா, ஆறேழு வயசுப் புள்ளை. அப்பனோட பந்திக்கு வந்திருக்கு. சேரோட பக்கவாட்டுல கையைக் குடுத்துட்டு விளையாடிட்டு இருந்திருக்குது. யாரோ பின்னால இருந்து சேரை இழுத்திருக்காங்க, பாதி மடங்கியிருக்கு. அது தெரியாம ஒரு பெருத்த ஆளு வந்து உக்காந்துட்டாரு. புள்ளைக்கு வலது கையில ரெண்டு விரல் போச்சு. மேளச் சத்தத்துல அது கத்துனது முதல்ல யாருக்கும் கேக்கலையாம்.

கஷ்டந்தாங்க. நான் இல்லைங்கலையே. சேதி தெரிஞ்ச அன்னைக்கே ஆள் அனுப்பினோம், ஆப்பிளும் ஹார்லிக்ஸும் குடுத்து. ஆஸ்பத்திரிச் செலவு எங்களோடதுன்னு சொல்லி விட்டோம். அதோட அது முடிஞ்சிருக்கும். ஆனா தேவநேசன் யாருகிட்டயும் சொல்லாம பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாரு. போயி அந்த ராக்கியப்பன் முன்னால நின்னு, "இந்த நாற்காலியை வரைஞ்சவன் நான்"னு சொல்லியிருக்காரு. யாராவது அப்படிச் சொல்லுவாங்களா? அந்தச் சமையல்காரரு எந்திரிச்சு, தான் உக்காந்திருந்த ஸ்டூலை அவருக்குப் போட்டிருக்காரு. இவரு அதுல உக்காராம தரையில உக்காந்து, சாயங்காலம் வரைக்கும் அந்தப் புள்ளையோட கட்டுப் போட்ட கையைப் பார்த்துட்டு இருந்திருக்காரு.

அங்க இருந்த ஒருத்தன் மூலமா பேப்பர்காரனுக்கு விசயம் போயிருச்சு. "எந்தக் கம்பெனி, எந்தச் சேரு"ன்னு கேட்டு வந்துட்டான். எங்கய்யன் எங்களை ரெண்டு பேரையும் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டாரு.

"தேவநேசா, ஊர் கேக்குது. யாரு தப்புன்னு ஒரு பதில் சொல்லோணும்."

அவர் சண்டைக்கு வருவாருன்னுதான் நாங்க ரெண்டு பேரும் நினைச்சோம். வரலைங்க. "என் தப்புதான்"னாரு. எங்கய்யனே ஒரு நிமிசம் திகைச்சுட்டாரு.

"ஒரு சின்னத் தகடு இல்லைன்னா பிள்ளையோட விரலைக் கடிக்கிற நாற்காலி, அது நாற்காலியே இல்லை. எவன் எதைக் கழட்டுனாலும் மடங்காத மாதிரி நான் வரைஞ்சிருக்கணும். வரையல. அதனால என் தப்புதான். ஆனா வெளிய போனது எல்லாத்தையும் திருப்பி வாங்கிடுங்க. இன்னைக்கே ஆரம்பிங்க."

முன்னால சொன்னது எங்கய்யனுக்குப் போதுமானதா இருந்துச்சு. பின்னால சொன்னது நடக்கற காரியமாங்க? ஒரு மாவட்டம் பூராவும் பரவிக் கிடக்குது. திருப்பி வாங்கினா, எங்க சேரெல்லாம் ஓட்டைன்னு நாங்களே தமுக்கடிச்ச மாதிரி ஆகாதா? பேப்பர்காரன்கிட்ட நான் சொன்னேன், வடிவமைச்சவரு தப்பை ஒத்துக்கிட்டாரு, அவரை விலக்கிட்டோம், புது மாடல் வருதுன்னு. அவர் வாயால சொன்னதைத்தானுங்க சொன்னேன். ஒரு எழுத்து கூட நான் சேர்க்கலை. யாராவது ஒருத்தர் பேரைச் சொல்லித்தான ஆகோணும்? அவருக்கு என்ன, ஒரு பென்சில், ஒரு பலகை. எங்களை நம்பி எத்தனை குடும்பம் இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியாது.

அதுக்கப்பறம் அவருக்கு வேலை அமையலை. மெட்ராஸ்ல ஒரு கம்பெனியில கேட்டாங்க, பம்ப்செட் கம்பெனியில கேட்டாங்க. எல்லாரும் எங்களுக்குப் போன் போட்டு விசாரிப்பாங்க. நல்ல மனுசன்னுதான் சொல்லுவேன். பேப்பர்ல வந்தது உண்மையான்னு கேப்பாங்க. உண்மைன்னுதான சொல்ல முடியும்? அவர் சம்சாரம் லில்லி புஷ்பம் ஒரு ஸ்கூல்ல டீச்சரு. அந்தம்மா சம்பளத்துலதான் ஒண்டிப்புதூர்ல ஒரு லைன் வீட்டுல இருந்தாங்க.

சும்மா இருந்திருக்கலாமுங்க அவரு. இருக்கலை. ஒரு கைத் துளைப்பான், கொஞ்சம் ரிவிட்டு, தகரத்தைத் தானே வெட்டி வளைச்ச கொக்கி, எல்லாத்தையும் ஒரு ரெக்ஸின் பையில போட்டுட்டு மண்டபம் மண்டபமாப் போக ஆரம்பிச்சாரு. வாடகைக் கடைக்கும் போவாரு. "உங்க நாற்காலியில ஒரு குறை இருக்கு, காசு வேண்டாம், சரி பண்ணித் தாரேன்"னு நிப்பாரு. ஒரு சேரைக் கவுத்துப் போட்டு, தொளை போட்டு, கொக்கியை மாட்டி, விரிச்சு, தான் ஒருக்கா உக்காந்து எந்திரிச்சுப் பார்த்துட்டுத்தான் அடுத்த சேரைத் தொடுவாராம். ஜெர்மனியில படிச்ச மனுசன். எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

மண்டபத்துக்காரங்க எனக்குப் போன் பண்ணாங்க. உங்க ஆளு வந்து சேரைக் கெடுக்கறாரு, தட்டினா மடங்க மாட்டேங்குதுன்னு. நான் என்ன பண்றது? அவருக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை, உள்ள விடாதீங்கன்னு எல்லாத்துக்கும் சொல்லி விட்டேன். அவருக்கும் அலைச்சல் மிச்சமாகட்டுமேன்னு ஒரு நினைப்புந்தான்.

தாராபுரத்துல ஒரு மண்டபத்துல, ஆளில்லாத மத்தியானத்துல பின்பக்கமாப் போயி வேலை பார்த்துட்டு இருந்திருக்காரு. திருடன்னு புடிச்சு அடிச்சுட்டாங்க. போலீஸ் ஸ்டேசன்ல அவர் என் பேரைச் சொல்லலை. நிலா சேருன்னு சொல்லியிருக்காரு, அதை வெச்சு அவங்களே என்னைக் கூப்பிட்டாங்க. காரை எடுத்துட்டுப் போனேன். உதடு கிழிஞ்சு உக்காந்திருக்காரு, மடியில அந்தப் பையி. இன்ஸ்பெக்டர் கேசு எழுதறேன்னாரு. நான் தனியாக் கூப்பிட்டு, "சார், இவரு பெரிய படிப்பாளி, ஒரு சம்பவத்துக்கப்பறம் மூளை கலங்கிப் போச்சு, விட்டுருங்க"ன்னேன். ஒரே வார்த்தை. விட்டுட்டாங்க. அன்னைக்கு நான் போகலைன்னா ஜெயிலுதான்.

கார்ல வரும்போது பல்லடம் தாண்டுனதும், "இன்னும் எத்தனை நாற்காலி வெளிய இருக்கும்?"னு கேட்டாரு. எனக்கு எப்படிங்க தெரியும்? "விட்டுத் தொலைங்க தேவநேசன், அந்தப் புள்ளையே மறந்திருக்கும்"னேன். அவர் தன்னோட வலது கையை மடியில விரிச்சு வெச்சுப் பார்த்துட்டே வந்தாரு.

அடுத்த வாரம் லில்லி புஷ்பம் இங்க வந்தாங்க. நீங்க இப்ப உக்காந்திருக்கீங்களே, அந்த இடத்துலதான் உக்காந்தாங்க.

"இவருக்கு மூளை கலங்கிட்டுன்னு நீங்கதான் சொன்னீங்களா?"

"அவரை வெளிய எடுக்கறதுக்காகச் சொன்னதும்மா."

"சர்ச்சுல சொல்லுதாங்க. என் ஸ்கூல்ல சொல்லுதாங்க. பக்கத்து வீட்டுக்காரங்க பிள்ளைகளை எங்க வாசல் பக்கம் விட மாட்டேங்காங்க. அவருக்குப் பிள்ளைகன்னா உசிரு."

"நாலு நாள்ல எல்லாம் சரியாப் போகும்"னேன். அந்தம்மா எந்திரிச்சாங்க. "அவரு உங்களைப் பத்தி இதுவரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்தை தப்பாப் பேசல. எனக்கு அதுதான் தாங்க முடியல"ன்னுட்டுப் போயிட்டாங்க. பார்த்தீங்களா? அவரே எம் மேல குறை சொல்லலை. இதை நீங்க கட்டாயம் எழுதோணும்.

அப்பறமும் அவர் நிறுத்தலை. வருசக்கணக்கா அலைஞ்சாரு. பிளாஸ்டிக் சேர் வந்து எங்க யாவாரத்தையே முழுங்கிருச்சு, இரும்புச் சேரைக் கேக்கறதுக்கு ஆளில்லை. அப்பவும் அவரு அலைஞ்சாரு, பழசெல்லாம் ஊருக்குள்ள கிடக்குதேன்னு. காங்கேயத்துல ஒரு வாடகைக் கடையில, அடுக்கின சேருங்களுக்கு நடுவுல சாய்ஞ்சு கிடந்தாரு. கடைக்காரன் தூங்கறாருன்னு நினைச்சானாம். நெஞ்சு நின்னு போச்சு. கையில துளைப்பானைப் புடிச்ச புடி விடலைன்னான்.

அடக்கத்துக்கு நான் போனேனுங்க. எங்கய்யன் அதுக்கு முன்னாடியே காலமாயிட்டாரு, கம்பெனி சார்பா ஒருத்தர் போகோணுமே. பெரிய மாலையா வாங்கிட்டுப் போனேன். சிங்காநல்லூர்க் கல்லறைத் தோட்டத்துல ஆளே இல்லை. டீச்சருங்க கொஞ்சம் பேரு, லைன் வீட்டுக்காரங்க கொஞ்சம் பேரு. முடிஞ்சு வீட்டுக்கு வந்தா வாசல்ல பந்தல் போட்டு, வந்தவங்களுக்குச் சோறாக்கிட்டு இருந்தாங்க. சமைச்சது யாருன்னு நினைக்கறீங்க? அந்த ராக்கியப்பன். தலையெல்லாம் நரைச்சுப் போச்சு. யாரும் கூப்பிடாம, பாத்திரத்தை வண்டியில ஏத்திட்டு அவரா வந்திருக்காரு.

வந்தவங்களுக்கு உக்கார, பக்கத்து மண்டபத்துல இருந்து சேர் எடுத்தாந்திருந்தாங்க. நிலா சேரு. பெயிண்டெல்லாம் போயி, ஆனா ஸ்ட்ராங்கா. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு பெருமைதாங்க. இழுத்துப் போட்டு உக்காந்தேன். அப்ப ஒரு பொண்ணு ஒவ்வொரு சேராக் குனிஞ்சு, அடியில கையை விட்டுத் தடவிட்டே வந்துச்சு. வயசுப் பொண்ணு, தாவணி போட்டிருந்துச்சு. வலது கையில மூணு விரலு. அந்த மூணு விரலாலதான் தடவுச்சு. சிலதைத் தடவிட்டு விட்டுரும். சிலதை மடக்கி எடுத்துட்டுப் போயிச் செவுத்தோரமாச் சாத்தும். அந்தப் புள்ளைக்கு நான் யாருன்னு தெரியாது. எங்கிட்ட வந்துச்சு. குனிஞ்சு கையை விட்டுச்சு.

"எந்திரிங்கய்யா. இது ஆகாது"ன்னுச்சு.

எனக்கு இலையில சோறு போட்டாச்சு. "அட, பரவால்லம்மா, நான் சாக்கிரதையா உக்காந்துக்கறேன்"னேன்.

"இல்லீங்க. எந்திரிங்க"ன்னுச்சு. சத்தமாச் சொல்லலை. ஆனா நகரலை, பக்கத்துலயே நின்னுச்சு. பந்தல்ல எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. லில்லி புஷ்பமும் பார்த்தாங்க.

எந்திரிச்சேன். அது சேரை மடக்கி எடுத்துட்டுப் போயிருச்சு. ஒரே தட்டு, மடங்கிருச்சு. வேற சேரு யாரும் கொண்டாந்து போடலைங்க. நான் இலையைக் கையில ஏந்திட்டு, நின்னுட்டே சாப்பிட்டேன். எங்க கம்பெனி சேரு, எங்கய்யன் கட்டுன கம்பெனி. அதுல இருந்து என்னை எந்திரிக்கச் சொல்றாங்க, நாலு பேர் முன்னால. அந்த மனுசனுக்காக அவ்வளவு செஞ்சதுக்கு, அந்த வீட்டு வாசல்ல எனக்குக் கிடைச்ச மரியாதை அது. இன்னைக்கு வரைக்கும் எனக்கு ஆறலைங்க.

என்னங்க அம்மிணி, எழுதறதை நிறுத்திட்டீங்க? இதையும் எழுதிக்குங்க.